வெறுங்காலுக்கு இல்லாத பெடல்

பம்பாய்
10-8-1954

அன்புள்ள அப்பாவுக்கு, பூதலிங்கம் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். அம்மைக்கு இருமல் தேவலையா?

எங்கள் கம்பெனியில் சிறிய டிராக்டர் ஒன்று செய்கிறோம். போன வாரம் அதைச் சேற்று வயலில் ஓட்டிப் பார்த்தோம். "செருப்போட வயல்ல எறங்கப்பிடாதுலே" என்று நீங்கள் சொல்லி வளர்த்த கால் அல்லவா, வெறுங்காலோடுதான் ஏறினேன். சேற்றுக்கால் பிரேக் பெடலில் வழுக்கிவிட்டது. சின்னச் சிராய்ப்புதான், பயப்பட வேண்டாம்.

பெடலை அகலமாக்கி, வழுக்காமல் வரி வெட்டச் சொல்லி மானேஜரிடம் கேட்டேன். "ஓட்டுகிறவனா விலை கொடுக்கிறான்? வாங்குகிற முதலாளி கண்ணுக்குப் பிடித்ததை வை" என்றார். அந்தச் செலவில் முன்னால் இரண்டு பளபளக்கும் விளக்கு வைத்தாயிற்று. பகலில் உழுகிற வண்டிக்கு விளக்கு!

உப்பிலிட்ட நார்த்தங்காய் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். கட்டு மாற்ற உங்கள் பழைய வேட்டி ஒன்றும் வேண்டும். கால் ஊன்ற முடிந்ததும் லீவு கேட்பேன். "ஏலே" என்று கூப்பிட இங்கே ஒருவரும் இல்லை.

தபாலில் சேர்க்க அறையில் கூட இருப்பவர் காத்து நிற்கிறார், முடிக்கிறேன். நம் பண்ணையார் இந்த வண்டியை வாங்கினால் உங்களைத்தான் ஓட்டச் சொல்வார். விளக்கைத் துடைத்துக் கொடுங்கள். வண்டியில் மட்டும் ஏறாதீர்கள்.

மகன்
பூதலிங்கம்