ஜூலைப் பனியும் ஒரு காலிப் பெட்டியும்

அன்புள்ள பிரின்னுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம், நீயும் அங்கே கடல் தாண்டி வெலிங்டனில் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறாய் என்று நம்பித்தான் எங்கள் பொழுது போகிறது. போன் இருக்கும்போது காகிதத்தில் எழுதி உன்னைத் திடுக்கிட வைத்ததற்கு முதலில் மன்னித்துவிடு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் உன் முகம் தெரிந்ததும் எனக்கு வார்த்தை அடைத்துக்கொள்கிறது, சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். நம் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் என்று உன் தாத்தா என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், அந்தப் படிப்பும் என் கூச்சத்தைப் போக்கவில்லை, நூலக வேலை அதற்கு இன்னும் வசதியாகப் போயிற்று. எழுதும்போது மட்டும் கொஞ்சம் தைரியம் வருகிறது.

அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. ஏணியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாளே கூரைத் தகரத்தில் அடைத்திருந்த இலையை வழிக்க ஏறிவிட்டார், கேட்டால் டாக்டர் படிக்கட்டைத்தான் சொன்னார் என்கிறார். நம் நாய் பட்டனுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை, ஆனால் பிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் மட்டும் எப்படியோ கேட்கிறது. காட்டுத்தீப் புகை இந்தக் கோடையில் இரண்டு வாரம் மலையை மறைத்தது, இப்போது தெளிந்துவிட்டது. அந்தப் புகை வருவதற்கு முன், ஜூலையில், வழக்கம்போல் டிசம்பரில் டிவியில் போடுகிற கிறிஸ்துமஸ் படம் எடுக்கப் படக்காரர்கள் வந்தார்கள். நம் கடைத்தெருவுக்கு இந்த முறை ஹாலி வேலி என்று கிறிஸ்துமஸுக்குத் தோதாக ஒரு பெயர் வைத்தார்கள். முப்பத்து நான்கு டிகிரி வெயிலில் புல்தரையெல்லாம் வெள்ளைப் போர்வை விரித்து, கூரைகளில் நுரை அடித்து, விளக்குக் கம்பத்துக்கெல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். வில்மாவின் ஆணிக்கடை வழக்கம்போல் கேக் கடை ஆனது. கதையும் அதேதான், அதே பஸ், அதில் வந்து இறங்குகிற அதே பெரிய ஊர்ப் பெண், அவளை இங்கேயே தங்க வைக்கிற அதே கிறிஸ்துமஸ் மரத்தோட்டக்காரப் பையன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், டிசம்பரில் அப்பா ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பார்ப்பார். பனிப்பந்து விளையாட்டு, கரண்ட் போவது, முத்தமிடப் போகும்போது யாராவது கூப்பிடுவது என்று ஒவ்வொன்றும் வர வர டிக் அடிப்பார். இப்பவும் அப்படித்தான். “இப்ப மாவு மூக்குல ஒட்டும் பாரு” என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒட்டிவிடும். எல்லாம் முன்கூட்டித் தெரிந்திருப்பதுதான் எனக்கு அதில் சுகம். வெளியே என்ன நடக்குமோ யாருக்குத் தெரியும், அந்த இரண்டு மணி நேரம் மட்டும் யாரும் சாகமாட்டார்கள், யார் வீடும் விலைக்குப் போகாது, வரமாட்டார் என்று நினைத்தவர் கடைசிப் பத்து நிமிஷத்தில் வந்து கதவைத் தட்டுவார். நீ வராத மூன்று கிறிஸ்துமஸிலும் படத்தில் அந்தக் கதவைத் தட்டும்போதெல்லாம் நான் நம் வீட்டுக் கதவைப் பார்த்தேன். அப்பா அதைக் கவனித்துவிட்டுக் கவனிக்காத மாதிரி டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் வில்மா என்னிடம் கேட்காமலே படத்தில் கூட்டத்தோடு நடந்து போகிறவர்கள் பட்டியலில் என் பெயரையும் கொடுத்துவிட்டாள். “உன் மூஞ்சிக்கு வசனமே வேணாம்டி லோர்னா, நீ சும்மா நடந்து போனாலே பாக்கறவனுக்கு அவன் அம்மா ஞாபகம் வந்து அழுதுடுவான்” என்று கேலி வேறு. கம்பளிக் கோட்டும் தொப்பியும் மாட்டி, கையில் பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்து நிற்க வைத்தார்கள், முதுகில் வேர்வை ஆறாக ஓடுகிறது. பஸ் வந்து நிற்கும், கதாநாயகி பெட்டியோடு இறங்குவாள், நான் அவளைத் தாண்டிப் போகவேண்டும், அவ்வளவுதான். படக்குழுவிலிருந்து காதில் பேசும் கருவி மாட்டிய ஒரு பெண் வந்து, “மேடம், நீங்க அவங்களப் பாக்கவே கூடாது, அவங்க யாருன்னே உங்களுக்குத் தெரியாது, சரிங்களா?” என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று தடவை சரியாகத்தான் போனேன். நாலாவது தடவை கதாநாயகி இறங்கி, பெட்டியின் சக்கரம் படியில் மாட்டிக்கொள்ள, தன்னை அழைத்துப் போக யாராவது வந்திருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்படித்தான் நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை பிரின், நேராக அவளிடம் போய்ப் பெட்டியைக் கையில் வாங்கி, “வா கண்ணு, அப்பா வண்டியில இருக்காரு” என்றேன். எல்லாம் நின்றுவிட்டது. கனமாக இருக்கும் என்று நினைத்து வேகமாகத் தூக்கினேன், அது வெறும் பெட்டி, தூக்கிய வேகத்தில் நுரையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். தெருவுக்கு அந்தப் பக்கம் வில்மா சிரித்த சிரிப்பு மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த நடிகை நல்ல பெண். யாரையும் கோபிக்க விடாமல் என்னை எழுப்பி, மின்விசிறி இருந்த கூடாரத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். “எங்கம்மாவும் இப்படித்தாங்க, பெட்டியப் பிடுங்கிட்டுத்தான் மறுவேலை” என்றாள். உங்க பொண்ணு எங்கே இருக்காங்க என்று கேட்டாள், சொன்னேன். என்ன வேலை பண்றாங்க என்றாள். கட்டடம், பூகம்பம் என்று இரண்டு வார்த்தை சொன்னேன், அதற்கு மேல் எனக்கு வரவில்லை. யாரோடு இருக்காங்க, வீட்டு ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா என்று ஆசையாகக் கேட்டாள், தெரியாது என்றேன். ஒரு அம்மா சொல்லக்கூடிய பதிலா அது.

போன டிசம்பரில் நான் உன்னிடம், படத்தில் வருகிறவளுக்கும்தான் பெரிய வேலை, அவள் வருகிறாளே என்று சொன்னேன். நீ, “அம்மா, அந்தப் படத்துல வந்தவ ஒருத்திகூடத் திரும்பிப் போனதில்ல, அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, ஊரைப் பார்த்தா இவளுக்குப் பயம் என்று. அதற்குப் பிறகு நம் பேச்சு குறைந்துபோனது. அந்தப் பெட்டியைத் தூக்கிய பிறகுதான் புரிந்தது. படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெரிய ஊரில் திட்டுகிற ஒரு முதலாளியையும் போனை வைக்காத ஒரு காதலனையும் தவிர எதையும் கொடுக்கவில்லை, அதனால்தான் அவளால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிட முடிகிறது. நீ பத்து வருஷம் படித்துச் சேர்த்த வாழ்க்கையை நானும் அப்படித்தான் காலியாக நினைத்துக்கொண்டு, நீ பஸ்ஸிலிருந்து இறங்கினால் போதும் என்று காத்திருந்திருக்கிறேன். உன்னைப் பார்க்கவேண்டும் என்கிற ஏக்கம் குறையவில்லை, பொய் சொல்லமாட்டேன், சந்தையில் யாராவது உன் உயரத்தில் போனால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். அப்பா என்னைத் தேற்றுவதாக நினைத்து, “இருவது வருஷமா நான் உக்காந்த எடத்துலேந்து கதைய முன்னாடியே சொல்றேன், நீ எறங்கிப் போயி கதையையே மாத்திட்டியே” என்கிறார்.

பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. காற்று பலமாக அடிக்கும் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ. இருபத்தேழாம் தேதி கேரல் அத்தைக்குப் பிறந்தநாள், ஒரு வரியாவது அனுப்பு, இல்லாவிட்டால் என்னைத்தான் கேட்பாள். எடுத்த வேலையெல்லாம் உனக்கு நல்லபடி முடியட்டும், நீ கணக்குப் பார்த்து நிறுத்துகிற கட்டடங்கள் அசையாமல் நிற்கட்டும், கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
லோர்னா

கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தேன், ஒட்ட மனம் வரவில்லை, மறுபடி எடுத்தேன். ஒன்று கேட்கவேண்டும், அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இந்த டிசம்பரில் நீ இங்கே வரவேண்டாம். நான் அங்கே வருகிறேனே. எங்கே படுக்கச் சொன்னாலும் படுத்துக்கொள்கிறேன், ஒரு நாள் உன் வேலையிடத்தில் ஓரமாக உட்கார்ந்து நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கவேண்டும், உன் கூட இருக்கிறவர்களின் பெயரெல்லாம் தெரிந்துகொள்ளவேண்டும். ஊருக்கு எப்போது திரும்புகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கமாட்டேன். வரட்டுமா, பிரின்?