ஆறாவது பத்தியில் ஒரு வரி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். அடையாறில் ஓர் இலை அசையவில்லை. ஜெராக்ஸ் எடுக்க: மாமனார் இறப்புச் சான்று மூன்று, இவர் ஆதார், நாத்தனார் சுபா ஆதார், மயிலாப்பூர் வீட்டுப் பத்திரம். மறக்காமல் இட்லி அரிசி.

மாலை சுபாவையும் கூட்டிக்கொண்டு ஆழ்வார்பேட்டை வக்கீல். இவருடைய கிளாஸ்மேட். பேசும்போதெல்லாம் பல் குத்துகிறார். "மெட்ராஸ்ல எழுதின உயில்னா அது செல்லும்னு ஹைகோர்ட்ல புரோபேட் வாங்கணும். வருஷக்கணக்கா இழுக்கும். உயிலே இல்லேன்னு வெச்சுக்கோ, தாலுகா ஆபீஸ்ல வாரிசு சர்டிபிகேட், பாண்டு பத்திரத்துக்கெல்லாம் சிவில் கோர்ட்ல ஒரு சின்ன மனு. முடிஞ்சுது."

மாமனார் உயிலில் வீடு முழுக்க சுபாவுக்கு. பதினோரு வருஷம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, கூடவே இருந்தவள். கல்யாணம் ஆகவில்லை. கணக்கு டியூஷன், அந்த வீடு, அவ்வளவுதான் அவளுக்கு. உயில் இல்லையென்றால் சட்டப்படி பாதி இவருக்கு. "சர்டிபிகேட் வந்த கையோட என் பாதியை உனக்கு எழுதிக் குடுத்துடறேன்" என்றார். சுபா தலையாட்டினாள். உயிலை அண்ணா கையிலேயே கொடுத்தாள்.

எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

மனுவில் கையெழுத்து. ஆறாவது பத்தி: 'காலஞ்சென்றவர் உயில் ஏதும் எழுதி வைக்கவில்லை.' சுபா இரண்டு தடவை படித்தாள். "மன்னி, இது பொய்தானே?"

வக்கீல் சிரித்தார். "ஃபார்மாலிட்டிம்மா. எல்லாரும் இதான் பண்றா."

நான் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். உயிலில் இரண்டு சாட்சி. ஒருவர் கீழ் வீட்டு மருந்துக்கடைக்காரர், போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொரு சாட்சி நான்.

வரும் வழியில் இவர் மாம்பழம் வாங்கினார். எல்லாம் அழுகல்.

செப்டம்பர் 18, வியாழன்

பாரிமுனை. வேர்வை. ஆட்டோக்காரர்: "இன்னாம்மா, கோர்ட்டா? உள்ள வுட மாட்டான், இங்கியே எறங்கிக்க."

இரண்டு மணி நேரம் காத்திருந்து நான்கு நிமிஷத்தில் முடிந்தது. சுபாதான் கூண்டில். இவர் ஏறவில்லை, முதுகு வலியாம்.

"அப்பா உயில் எதுவும் எழுதினாரா?" ஜட்ஜ் கேட்டார்.

சுபா என்னைப் பார்த்தாள். நான் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தேன்.

"இல்லை."

தன் வீட்டைத் தன் வாயாலேயே இல்லை என்று சொல்ல வைத்தோம். வெளியே வந்ததும் இவர், "பசிக்கறது, மசால் தோசை சாப்பிடலாமா?" சுபா காபி மட்டும். அதையும் பாதி வைத்துவிட்டாள். எனக்கு இவர் மெல்லும் சத்தம் கேட்கவே சகிக்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

மழை. மொட்டை மாடித் துணி எல்லாம் நனைந்தது. கோர்ட் சர்டிபிகேட் வந்து ஒரு வாரம் ஆகிறது. தாலுகா ஆபீஸ் சான்று ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. "சுபாவுக்கு எப்போ எழுதித் தரப் போறேள்?" என்று கேட்டேன்.

"என்ன அவசரம்? பில்டர் ஒருத்தன் வந்து பார்த்துட்டுப் போனான். வித்துட்டா அவளுக்குப் பெருங்குடில சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம். ஒண்டிக்கட்டைக்கு மயிலாப்பூர்ல எதுக்கு அவ்வளவு பெரிய ஆம்?"

"அப்பா உயில்ல..."

"எந்த உயில்?"

செய்தித்தாளை இறக்காமல் கேட்டார். முப்பத்திரண்டு வருஷம் இந்த மனிதருக்கு ரசம் வைத்திருக்கிறேன். எழுந்து போய் வாந்தி எடுத்தேன். "பித்தம், இஞ்சி சாப்பிடு" என்றார்.

அக்டோபர் 28, செவ்வாய்

இவர் வாக்கிங். அலமாரியைக் குடைந்தேன். பழைய காஸ் சிலிண்டர் புத்தகத்துக்குள் பழுப்புக் கவர். இன்னும் கிழிக்கவில்லை. தைரியம் இல்லாததால் இருக்கும். நல்ல எண்ணத்தால் இல்லை.

கோடு போட்ட தாள், மாமனாரின் நடுங்கிய எழுத்து. கடைசியில் என் கையெழுத்து. பக்கத்தில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் கறை. மாவு அரைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார் அன்று. "கையை அலம்பிண்டு வந்துடறேன்" என்றேன். "பரவாயில்லை, போடு. நாளைக்கு யாராவது கேட்டா நீதான் சொல்லணும்" என்றார்.

யாரும் கேட்காமல் இல்லை. ஜட்ஜே கேட்டார்.

அக்டோபர் 30, வியாழன்

மழை விட்டது. இட்லி மாவு கொடுக்கும் சாக்கில் மயிலாப்பூர். உள்ளே டியூஷன் பெண்கள். கவரை சமையலறையில் கொடுத்தேன். பில்டரைப் பற்றியும் சொன்னேன். சுபா அழவில்லை. கறையை மட்டும் விரலால் தடவினாள்.

"வேற வக்கீலைப் பாரு. அந்த சர்டிபிகேட்டை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாமாம். ஆனா நீ கூண்டுல பொய் சொன்னது வெளில வரும். நான் பேசாம இருந்ததும் வரும்" என்றேன்.

"நீங்க வந்து சொல்லுவேளா மன்னி?"

"சொல்றேன்."

"அண்ணாவுக்கு எதிராவா?"

குக்கர் கத்தியது. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி சொன்னேன். "சொல்றேன்."

திரும்பி வந்தால் ஹால் முழுக்கக் காகிதம். இவர் தரையில் உட்கார்ந்து காஸ் புத்தகத்தை உதறிக்கொண்டிருந்தார். வேர்த்து ஊற்றியது.

"இதுக்குள்ள ஒரு கவர் வெச்சிருந்தேனே, பார்த்தியா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன்.

"எந்தக் கவர்?"