போனில் ஆடிய செஸ்

இன்று காலை எதிர்வீட்டுப் போர்வெல் ரிக் வண்டி ஊர் திரும்பியது. டீசலும் வெளிமாநிலத்துச் செம்மண்ணும் கலந்த வாடை வாசல் தாண்டி வந்ததும், காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு ஊறவைத்தாலும் உங்கள் சட்டைகளை விட்டுப் போகாத வாடை.

நீங்கள் ஒடிசாவில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தீர்கள், நான் திருச்செங்கோட்டில். நம் கல்யாண வாழ்க்கையில் பாதி போனில்தான் கழிந்தது. சாப்பாடு, மழை, பிள்ளைகள் என்று பேசித் தீர்ந்த பிறகு, பேச்சு நின்றுவிடக் கூடாதென்றுதானே இரண்டு செஸ் பலகை வாங்கினீர்கள்? அங்கே ஒன்று, இங்கே ஒன்று. கட்டத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஆடினோம். ஒருவர் சொன்னதை மற்றவர் தன் பலகையில் வைத்துவிட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்த காய்.

உங்களுக்கு ஒரே வித்தைதான். எடுத்ததுமே ராணியை வெளியே கொண்டுவந்து, மந்திரியைத் துணைக்கு வைத்து, என் ராஜாவை ஒட்டிய சிப்பாயை அடித்து ஆட்டத்தை முடிப்பீர்கள். எனக்கு அழுகை வராத குறை. ஒரு நாள் சிப்பாயைத் தள்ளி உங்கள் ராணியை மிரட்டினேன். அது நகர்ந்ததும் குதிரையை இறக்கி வழியை மறித்தேன். ராணி ஓட ஓட, என் காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ராஜாவைக் கோட்டைக்குள் பத்திரப்படுத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, உங்க குதிரையெல்லாம் இன்னும் கட்டுத்தறியிலயே நிக்குதுங்களா?"

வெகுநேரம் சிரித்தீர்கள். "ஒருத்தியே போதும்னு நெனச்சுட்டேன் அம்மிணி. எல்லாருமே வெளிய வரோணும்போல."

அதன்பின் என்னை விடவில்லை. "ஃபேர்லேண்ட்ஸ்ல போட்டி வெக்கறாங்களாம். போய் ஆடு."

"இந்த வயசுல போயி ஒக்காந்தா சிரிக்க மாட்டாங்ளா?"

"சிரிக்கட்டும் சாமி. சிரிக்கறவன் காயைக் கோட்டை உடுவான்."

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், நான் நகர்த்திய கட்டத்தைச் சொல்ல உங்களை அழைத்தேன். டிரைவர் எடுத்தார். "அக்கா, அண்ணன் நெஞ்சப் புடிச்சுட்டு ஒக்காந்தாருங்க, எந்திரிக்கவே இல்லீங்க" என்றார்.

போன மாதம் அந்தப் போட்டிக்காக ஃபேர்லேண்ட்ஸ் போனேன். எதிரே ஒரு கல்லூரிப் பெண். குதிரையை வைத்துவிட்டு, என்னையறியாமல் கட்டத்தின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டேன். நடுவர் அருகில் வந்து, "பேசக் கூடாதுங்கம்மா" என்றார். தலையாட்டினேன். அந்த ஆட்டத்தில் ஜெயித்தேன். நேரம் போதாமல் அடுத்த இரண்டில் தோற்றேன்.

போட்டியில் காயை வைத்ததும், என் நேரம் ஓடாமல் நிற்கக் கடிகாரத்தை அழுத்த வேண்டும். அதற்குத்தான் என் கை தாமதிக்கிறது. "ம், வெச்சுட்டேன்" என்று நீங்கள் சொல்வதற்காக இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறேன்.