விருப்ப ஓய்வு

ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாரும் சுகம். வாதம் விழுந்த கையால் உன் அத்தான் இப்போது கரண்டியைத் தானே பிடிக்கிறார். பாதிச் சாப்பாடு சட்டையில்தான் விழுகிறது. ஆனாலும் ஊட்டப் போனால் முறைக்கிறார். அந்த முறைப்பு திரும்பி வந்ததே பெரிய முன்னேற்றம் என்கிறாள் கைப்பயிற்சி கொடுக்கும் பெண். அவளுக்கு என்ன, முறைப்பு எனக்குத்தானே. உன் மகள் தேர்வை நன்றாக எழுதியிருப்பாள். எழுதாவிட்டாலும் திட்டாதே.

உன் கடிதம் கிடைத்தது. முக்கால்வாசி நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் மறந்துபோனதைச் சேர்ப்பதுபோல, "வழக்கிலிருந்து உன் பெயரை மட்டும் எடுத்துவிடு அக்கா, உனக்கு வரவேண்டியதை நான் தனியாகப் பேசி வாங்கித் தருகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். எடுக்க மாட்டேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரி வரைக்கும் படித்து நீ ஏமாற வேண்டாம்.

எங்கள் சலவை நிறுவனம் தன் பக்கம் பேச உன்னைப் பொருளாதார நிபுணராக அமர்த்தியிருக்கிறது என்பது எனக்குப் போன மாதமே தெரியும். அது உன் தொழில். ஆனால் அவர்கள் கொடுத்த கோப்பில் இருப்பதுதான் உனக்குத் தெரியும். நடந்ததை நான் சொல்கிறேன்.

எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. எந்த நாள் என்பது முந்தின நாள் சாயங்காலம்தான் பலகையில் ஏறும். ஆஸ்பத்திரிகளிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்பு எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள். உன் அத்தானின் கைப்பயிற்சி வியாழக்கிழமை. மூன்று மாடி இறக்கி, பேருந்தில் ஏற்றி, திரும்பவும் மூன்று மாடி ஏற்ற வேண்டும். எனக்கு ஓய்வு செவ்வாயில் விழுந்தால் அவர் கை அந்த வாரம் அப்படியே மடங்கிக் கிடக்கும். என்னைப்போல ஒவ்வொருத்திக்கும் ஒரு கிழமை. அதனால், ஓய்வு நாளை நாங்களே தேர்ந்துகொள்கிறோம், மொத்த வேலை நேரம் குறையாது என்று கேட்டோம். எங்களுக்குள் அதற்கு 'விருப்ப ஓய்வு' என்று பெயர். பெயர் வைத்தவள் ரேடியோ. அவளுக்கு ஏன் அந்தப் பட்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது நீயே காதைப் பொத்திக்கொண்டாய். இஸ்திரி உருளைக்கு முன்னால் நின்று வெந்துகொண்டே எட்டு மாதம் கேட்டோம். மேற்பார்வையாளரிடம் எப்போது கேட்டாலும் "மேலே சொல்லியிருக்கேன், பார்க்கலாம், சரியா?" என்பார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'சரியா' போடுவதால் அவருக்குப் பெயரே சரியா என்று ஆகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சரியா ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். மேலே கொட்டை எழுத்தில் 'விருப்ப ஓய்வு விண்ணப்பம்'. ரேடியோ கைதட்டிவிட்டாள். "நாங்க கேட்ட அதுதானே?" என்று கேட்டாள். "ஆமா, விருப்ப ஓய்வுதான். இன்னைக்கே போட்டுக் குடுத்தாத்தான் உண்டு, சரியா?" என்றார் அவர். அவருக்கே அது என்னவென்று தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படிக்காமல் கையெழுத்துப் போட்டோம் என்று நிறுவனத்தின் வக்கீல் எழுதியிருக்கிறார். பொய். நான் படித்தேன். பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டவள்தான், ஆனால் கையில் கிடைக்கும் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கீழே வைத்ததில்லை. "நிர்வாகம் ஏற்கும் நாள் முதல், என் சொந்த விருப்பத்தின்பேரில் ஓய்வு பெற விண்ணப்பிக்கிறேன்" என்று இருந்தது. வியாழக்கிழமைக்கு எட்டு மாதம் காத்திருந்தவள் அதை எப்படிப் படிப்பாள்? இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் எனக்கு அப்படித்தான் படிக்க வருகிறது. நான் தப்பாகப் படித்தேன் என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திங்கட்கிழமை காலை வாசலில் எங்கள் அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி, "நீங்கதான் ஓய்வு வாங்கிட்டீங்களே அக்கா, மறுபடி எங்கே வர்றீங்க?" என்றான். ரேடியோ, "எனக்கு ஓய்வு ஞாயித்துக்கிழமைடா, இன்னைக்குத் திங்கள், கதவைத் திற!" என்று சத்தம் போட்டாள். அவன் சிரித்தான். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். வேலை போனது தெரியாமல் வாசலில் நின்று சிரித்த பதினொரு பேர் நாங்கள்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ தமிழில் எழுதிய பாடப்புத்தகத்தை, போன தடவை வந்தபோது 'அக்காவுக்கு' என்று எழுதிக் கொடுத்தாயே, அதை மூன்று முறை படித்துவிட்டேன். உன் மாணவர்களில் எத்தனை பேர் மூன்று முறை படித்திருப்பார்கள் என்று விசாரித்துப் பார். வேலைக்குப் போகாத நேரத்துக்கெல்லாம் அதில் ஒரே பெயர்தான், ஓய்வு. ஒரு மனுஷிக்கு ஒரு நாளில் இரண்டே இரண்டு பண்டங்கள், வருமானம் ஒன்று, ஓய்வு ஒன்று, எது எவ்வளவு வேண்டும் என்று அவளே தேர்ந்துகொள்கிறாள் என்று கோடு வரைந்து காட்டியிருக்கிறாய். உன் அத்தானை மூன்று மாடி இறக்கி ஏற்றும்போது நான் ஓய்வைத் துய்த்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் சொன்னேன். முறைத்தார்.

இன்னொரு பக்கத்தில் நிறுவனத்துக்கு ஒரு வட்டம், குடும்பத்துக்கு ஒரு வட்டம், நடுவே அம்புக்குறிகள். இரண்டு வட்டமும் ஒரே அளவு. மருந்துப் புட்டியின் மூடியை வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்துகிறது. நான்கு ஊரில் ஆலையும் மாடி மாடியாக வக்கீலும் வைத்திருப்பவன் ஒரு மூடி, நான் ஒரு மூடி. இருவரும் உட்கார்ந்து பேசிச் சம்மதித்து ஒப்பந்தம் போடுகிறோம். படம் வரையும்போது உனக்குச் சிரிப்பு வரவில்லையா?

ஒரு மனிதருக்கு என்ன வேண்டும் என்று மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாது, அவர் எதைத் தேர்ந்தார் என்பதை மட்டுமே பார்க்க முடியும், தேர்ந்ததுதான் விருப்பம் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனேன். அப்படியென்றால் உங்கள் சாத்திரத்தில் ஏமாந்தவர் என்று ஒருவரே இருக்க முடியாதே. பள்ளத்தில் விழுந்தவளும் பள்ளத்தை விரும்பினவள்தானே.

நான் எதையும் மறைக்கவில்லை. நீ கடிதத்தில் போட்டிருந்த கணக்கில் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. எங்களுக்குப் பதிலாக வைத்த புது இயந்திரம் எங்களைவிட நன்றாக மடிக்கிறது, யார் கையும் வேகவில்லை. சலவைக் கூலி குறைந்தது, ஆஸ்பத்திரிக்கு லாபம், நோயாளிக்கு லாபம் என்று நீ எழுதியதும் உண்மையாக இருக்கலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததுதான் எனக்கு இத்தனை எரிச்சல். இயந்திரம் வேண்டும், நீங்கள் வேண்டாம் என்று நிறுவனம் நேராகச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். செய்ததையும் செய்துவிட்டு, அதை நான்தான் விரும்பினேன் என்று சொல்ல ஒரு படித்தவன் வேண்டியிருக்கிறது. அந்தச் சப்பைக்கட்டுக்கு ஊர் உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

நான் உழைத்து உன்னைப் படிக்க வைத்தேன் என்று கண்ணைக் கசக்கும் கடிதம் இல்லை இது. உன்னை யாரும் படிக்க வைக்கவில்லை. உதவித்தொகை வாங்கி நீயேதான் படித்தாய். நீ எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை, நானும் கேட்கவில்லை. நீ எனக்குத் தம்பி, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பெயரை எடுக்காத அக்கா


புதன், காலை

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் வக்கீல் பெண் நேற்று வந்தாள். நீ தீர்ப்பாயத்தில் கொடுத்திருக்கும் கருத்துரையின் நகலை எங்கள் எல்லாருக்கும் கொடுத்தாள். நன்றாக எழுதியிருக்கிறாய். உன் எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், சின்னச் சின்ன வாக்கியமாக, யாரையும் வையாமல். ரேடியோவே, "உங்க தம்பி என்னைப் பத்திச் சொன்னா எனக்கே சரிதான்னு தோணுதுக்கா" என்றாள்.

கடைசித் தாளையும் படித்தேன். "மனுதாரர் எவரோடும் எனக்கு உறவோ தொடர்போ கிடையாது என உறுதி கூறுகிறேன்." கீழே உன் கையெழுத்து.

நகல் எங்கள் கைக்கு வந்துவிட்டது என்று தெரிந்து நேற்று இரவே நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். "அது எல்லா நிபுணரும் போடுற அச்சுப் படிவம் அக்கா, கட்டாகக் குடுத்தாங்க, போட்டுட்டேன், என்ன இருக்குன்னு கவனிக்கல. நான் அப்படி நினைப்பேனா?" என்றாய். நான் சட்டென்று தொலைபேசியை வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பை உன் காதில் விழவிட எனக்கு மனம் வரவில்லை.

கட்டாகக் கொடுத்தார்கள், போட்டேன் என்கிறாய். மனசில் அப்படி இல்லை என்கிறாய். நீ சொன்னதும் நான் நம்பிவிட்டேன், தம்பி. உன் மனசுக்குள் புகுந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட எனக்கு வரவில்லை. ஆனால் உன் புத்தகத்தின்படி பார்த்தால் எனக்குத் தம்பியே கிடையாது. அதைத்தான் நீ விரும்பியிருக்கிறாய், கையெழுத்து இருக்கிறது. இப்போது சொல், எதை வைத்து நான் உன்னைத் தம்பி என்று கூப்பிடட்டும்? நீ சொன்னதை வைத்தா, நீ போட்டதை வைத்தா?

வக்கீல் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். அவர்களுடைய நிபுணர் மனுதாரரின் கூடப் பிறந்தவர், அதையும் மறைத்திருக்கிறார் என்று நாளைக்கே மனு போட்டால் கருத்துரை மொத்தமும் குப்பைக்குப் போய்விடும் என்றாள். உன் பெயருக்கும் கேடு வரும் என்பதையும் சொன்னாள், மறைக்கவில்லை. நான் வேண்டாம் என்றேன்.

அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரேடியோ என் வீட்டுக் கூடத்தில் நின்று, உன் அத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "உங்க ரோஷத்துக்கு எங்க வேலையா கெடைச்சுது? தம்பியக் காப்பாத்தணும்னா பேரை எடுத்துட்டுப் போங்க. இல்லைன்னா வாயத் திறங்க. ரெண்டும் கெட்டானா நின்னா எப்படி?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அவள் வீட்டில் இரண்டு மாதமாக யாருக்கும் சம்பளம் இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். என்னை உனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். சாட்சி சொல்ல நீ எழுந்ததும், மனுதாரர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்களாம். யாரைக் கூப்பிட்டாலும் அதே கேள்விதானாம். அதுவரை எனக்காகப் பேசாமல் இருப்பதாக எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நீ இல்லை என்று சொன்ன அடுத்த நிமிடம் வக்கீல் பெண் எழுந்துவிடுவாள். அவளை நான் தடுக்க மாட்டேன். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றாள் ரேடியோ. சொல்லாமல் உன்னை மாட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுதிவிட்டேன் என்று அவளிடமும் சொல்லிவிடுவேன், திட்டு வாங்குவேன்.

விசாரணைக்கு வரும்போது நிறுவனம் ஏற்பாடு செய்த விடுதியில் தங்காதே. கூடத்துக் கட்டிலில் புது விரிப்புப் போட்டு வைக்கிறேன். வழக்கைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன் அத்தான் உன்னைப் பார்த்தும் முறைப்பார், பொறுத்துக்கொள்.

நீ நல்லவன். நன்றாக இருக்க வேண்டும். உன் கருத்தை ஒரு எழுத்துகூட மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் ஓய்வை விரும்பினேன், கம்பெனி நியாயமாக நடந்தது, என்ன வேண்டுமானாலும் சொல். உறவைச் சொன்ன பிறகும் அதைச் சொல்லத் தீர்ப்பாயம் உன்னை விட்டால், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுவரோரம் இரண்டாவது வரிசையில்தான் இருப்பேன். அந்த அம்மாள் உங்களுக்கு யார் என்று கேட்கும்போது மட்டும், தரையைப் பார்க்காமல், எனக்குக் கேட்கும்படியாகச் சொல்லிவிடு, சாமி.

உன்,
அக்கா