கலக்கியில் ஒட்டியிருந்த கறுப்பு

நவம்பர் 4, செவ்வாய்

ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பீட்டாளருக்கு ஒரே ஒரு சந்தேகம். இரும்பு வினையூக்கியைப் போடாமல் இதே வினையைச் செய்து பார்த்தீர்களா என்று கேட்கிறார். பார்த்ததாகத்தான் ஞாபகம். ஆனால் எந்த நோட்டிலும் இல்லை. போகட்டும், அரை நாள் வேலை. செய்து அனுப்பிவிடுகிறேன்.

நவம்பர் 5

இரும்பு போட்டால் ஒரு மணி நேரத்தில் வினை தொண்ணூற்றொரு சதவீதம் முடியும். இன்று போடவில்லை. தொண்ணூறு.

குடுவையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டேன்.

நவம்பர் 6

புதுக் குடுவை. எண்பத்தொன்பது.

மூன்று வருடமாக எந்தப் பொருளால் வினை வேகமாகிறது என்று போகிற இடமெல்லாம் சொன்னேனோ, அது இல்லாமலே வேகமாகிறது. பக்கத்து மேசை ப்ரென்னா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"சாப்பிடல."

"அடுத்த மாசம் உனக்கு டாக்டரேட் வாய்மொழித் தேர்வு. இப்பவே பட்டினி கெடந்தா அன்னிக்கு யாரு பேசறது, நானா?"

என் வழிகாட்டி பேராசிரியர் தோர்ப்பிடம் சொல்ல வேண்டும். நாளை மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார், அந்தக் காட்டில் ஃபோன் எடுக்காது. சாயங்காலம் அவர் அறை வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். ஏன்?

நவம்பர் 7

கரைப்பானை மாற்றினேன். உப்பை மாற்றினேன். எண்பத்தெட்டு. தொண்ணூறு.

நவம்பர் 8, சனி

மான் வேட்டைக்கு அனுமதி ஆரம்பிக்கும் நாள். டுலூத் ஊரில் பாதிப் பேர் காட்டில்தான் இருப்பார்கள், கட்டடத்தில் ஆளே இல்லை. எதை மாற்றவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியில் மிஞ்சியது கலக்கி. குடுவைக்குள் கிடந்து சுழலும் சின்ன வெள்ளைக் காந்தத் துண்டு. பொது டிராயரிலிருந்து எடுத்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதை வைத்துப் பல்லேடியத்தில் வேலை செய்தவர்கள். துளி ஒட்டியிருந்தாலே வினையை ஓட்டிவிடும் உலோகம் அது. ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். கீறல்களுக்குள் கறுப்பு. எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு.

புதுக் கலக்கி, இரும்பு இல்லை — பூஜ்யம்.
புதுக் கலக்கி, இரும்பு உண்டு — பூஜ்யம்.
பழைய கலக்கி மட்டும் — தொண்ணூறு.

போச்சு. மூணு வருஷமும் போச்சு.

நவம்பர் 9

மதிப்பீட்டாளர் கேட்டது இரண்டே எண்கள். இரும்போடு, பழைய கலக்கியில், தொண்ணூற்றொன்று. இரும்பில்லாமல், புதுக் கலக்கியில், பூஜ்யம். இரண்டும் நான் அளந்தவை. சேர்த்து எழுதினால்தான் பொய். அட்டவணையில் கலக்கிக்கு என்று ஒரு கட்டம் கிடையாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

எழுதிப் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. இன்னும் அழிக்கவில்லை.

நவம்பர் 11

தோர்ப் வந்துவிட்டார். ஆளுக்கொரு பொட்டலம் மான் கறி.

"அட்டவணை முடிஞ்சுதா, ஐலா?"

"முடிஞ்சுது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்கே என்னைப் பார்த்து பயமாக இருக்கிறது.

நவம்பர் 12

இரண்டு தடவை கேட்டுவிட்டார். அனுப்பவில்லை.

நவம்பர் 13

கலக்கியை ஒரு சீசாவில் போட்டு அவர் மேசையில் வைத்தேன். "இதுதாங்க வினையூக்கி. நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல." எல்லா எண்களையும் காட்டினேன். அந்த அழகான அட்டவணையையும் காட்டினேன். அதைக் காட்டியிருக்க வேண்டாமோ?

திட்டவில்லை. மூடியைத் திறந்து கலக்கியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். பிறகு, "அந்த டிராயர்ல இருந்து வேற யாரெல்லாம் எடுத்தாங்க?" என்றார்.

எல்லோரும்தான். ப்ரென்னாவும். மேசைக்குத் திரும்பி வந்து அவளிடம் சொன்னேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமை."

"அஞ்சு நாளு. எங்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கே." ஸ்டூலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

நவம்பர் 17

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். கடிதத்தை நானே எழுதினேன். தேர்வு ஜூனுக்குத் தள்ளிப்போனது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 19

ப்ரென்னாவின் வினை தப்பித்தது. புதுக் கலக்கியிலும் அதே வேகம். கழிவறைக்குள் போய் அழுதேன், நிம்மதியா பொறாமையா என்று தெரியவில்லை. அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை.

டிசம்பர் 2

புதுக் கலக்கி, புதுக் குடுவை, இரும்பு. இந்த முறை ஒரு நாள் முழுக்க ஓட விட்டேன். மூன்று சதவீதம். இரும்பில்லாமல் பூஜ்யம். தனித்தனியாக மூன்று தடவை செய்தேன். மூன்று, மூன்று, நான்கு.

நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ப்ரென்னா பின்னால் வந்து நின்றாள்.

"மூணா?"

"மூணு."

"இத வச்சிட்டு என்ன பண்ணப் போற?"

"தெரியல."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எந்தக் கலக்கி? எடு, பாக்கலாம்." வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் நோட்டை அவள் பக்கம் இழுத்து, எண்களுக்குக் கீழே, சாட்சி என்று போட்டிருக்கும் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினாள்.