மூடி திருகாத மூன்று டியூபுகள்

நார்விக், மின்னசோட்டா
1938 மார்ச் 10, வியாழன்

அன்பு மகன் லெயிஃப்புக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, ஏழு மாடுகள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உயிரோடு என்று ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும். அங்கே அணைக்கட்டு வேலையில் கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கம்பளி உள்சட்டையை ஈஸ்டர் வரைக்கும் கழற்றாதே. கிறிஸ்துமஸுக்குப் பிறகு என் கடிதங்களின் அடியில் அப்பா ஒரு வரிகூட எழுதுவதில்லையே, என்மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். சோம்பல், வேறென்ன என்று போன தடவை எழுதினேன். அதை எழுதின கையை இப்போது கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்துப் பண்ணை பெர்த்தா கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தாள், கையில் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட நீலப் பாத்திரம், சாவு வீட்டுக்கு அவள் தூக்கிப் போவாளே, அதேதான். என்னைக் கட்டிக்கொண்டு, “சிக்னே, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையேடி, எப்படி ஆச்சு?” என்று அழுதாள். யாருக்கு என்ன என்று கேட்டால், “உன் ஹால்வருக்குத்தான்! எமில் கடையில அவர் கோப்பை இருந்த இடம் காலியா கிடக்குதாமே!” என்றாள். எமிலின் சவரக்கடை அலமாரியில் அப்பா பெயரைப் பொன்னெழுத்தில் போட்ட சோப்புக் கோப்பை முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. கோப்பைக்காரன் கண்ணை மூடினால்தான் எமில் அதை இறக்கி வீட்டுக்கு அனுப்புவான், அதுதானே நம் ஊர் வழக்கம். அப்பா பால் கறக்கப் போய் வெகுநேரமாகியிருந்தது. மாவுக் கையோடு தொழுவத்துக்கு ஓட எழுந்தேன், அதற்குள் அவரே வாளியோடு உள்ளே வந்துவிட்டார். பெர்த்தா போட்ட கூச்சலில் பூனை அடுப்புக்குப் பின்னால் ஓடிவிட்டது. அவரோ பாத்திரத்தைத் திறந்து பார்த்து, “அட, மணக்குதே, இன்னைக்கு யாரு போயிட்டா?” என்கிறார்.

பெர்த்தா போன பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன். கோப்பையைத் தானே வாங்கி வந்துவிட்டாராம். இனிமேல் வீட்டிலேயே சவரமாம், பிரஷ் வேண்டாத க்ரீம் வந்திருக்கிறதாம், “கோப்பை வேணாம், நுரை வேணாம், கையால தடவுனா போதும். காலம் மாறுது சிக்னே” என்றார். சட்டையில் ஜிப் வைத்தால் திருச்சபையை விட்டே போய்விடுவேன் என்ற மனுஷன்! உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று சிரித்தேன். சிரித்தேன் லெயிஃப், அதுதான் என்னை அறுக்கிறது.

மத்தியானம் பீட்ரூட் ஊறுகாய் எடுக்க நிலவறைக்கு இறங்கினேன். சீசாக்களுக்குப் பின்னால் க்ரீம் மூன்று டியூபுகள், ஒன்று புதினா வாசனை, ஒன்று எலுமிச்சை, மூன்றாவது பன்றிக்கொழுப்பு மாதிரி. ஒன்றின் மூடியும் திருகப்படவில்லை, மூன்றையும் வயிற்றில் கத்தியால் கிழித்திருந்தது. பக்கத்தில் அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் நாலாவது க்ரீம், அதுதான் கொஞ்சம் தீர்ந்திருந்தது. மனுஷன் வாசனை பார்த்தும் தேர்ந்தெடுக்கவில்லை, வழவழப்புப் பார்த்தும் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டாணி அளவு மூடியை அவர் விரல்களால் பிடிக்க முடியவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளாகக் காப்பியை அரைக் கோப்பைதான் ஊற்றச் சொல்கிறார், வலது கையைப் பாக்கெட்டை விட்டு எடுப்பதே இல்லை. பக்கத்தில் படுத்து எழுகிற எனக்குத் தெரியவில்லையே.

நேற்று எமில் கடைக்கு நேராகப் போனேன். ஆண்கள் கடைக்குள் பொம்பளை நுழைந்ததில் பேச்சு நின்றுபோயிற்று. எமில் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், “நாந்தான் சொன்னேன், சிக்னே. ஹால்வரு, உன் தலை ஆடுது, கத்தி என் கையில இருக்கு, எனக்குப் பயமா இருக்குன்னேன். தானே எழுந்து கோப்பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்” என்று மூக்கைச் சிந்தினான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, “பையனுக்கு எழுதாதே. வேலையை விட்டுட்டு ஓடி வருவான்.” டாக்டரிடம் போகலாம் என்றால் விதைப்பு முடியட்டும் என்கிறார். அந்தக் கையோடு யார் விதைப்பது? இன்று காலை அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஜாடிக் க்ரீமைத் தடவி, நீ விட்டுப்போன ரேசரால் நானே வழித்தேன். இத்தனை வருஷத்தில் அவர் தாடையை வெளிச்சத்தில் இப்படித் தொட்டதில்லை. “எமிலை விட நல்லாத்தான் பண்றே, பேச்சுதான் ஜாஸ்தி” என்றார். நான் பேசவே இல்லை, அழுதுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் நடுவில் விதைப்பு. வேலையை விட்டுவிடாதே, மூன்று வாரம் விடுப்புக் கேட்டுப் பார். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்காராதே, குளிர் ஏறும். வந்ததும் அவர் கையைப் பார்க்காதே, முகத்தைப் பார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா சிக்னே

பி.கு: உறை ஒட்டும்போது அப்பாவிடம் கையும் களவுமாகப் பிடிபட்டேன். கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். கிழித்துவிடுவார் என்று நின்றேன். பேனாவைக் கொடு என்றார். கீழே இருப்பது மை கொட்டினதல்ல. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுதினது, ‘வா’ என்று.