முள்கரண்டியும் பாபினும்

என் செல்லக் கழுதைக்கு,

பயப்படாதே, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. சும்மாதான் எழுதுகிறேன்.

நம் தெருமுனையில் இத்தாலியன் ரெஸ்டாரன்ட் ஒன்று திறந்திருக்கிறார்கள். நேற்று மத்தியானம் போயிருந்தேன். துணைக்கு நம் தையல்காரர் வந்தார். உன் பள்ளிச் சீருடையை வருஷாவருஷம் மடிப்புப் பிரித்து இறக்கித் தருவாரே, அவரேதான். அவர் கடைக்கு எதிரில்தான் ரெஸ்டாரன்ட், அதனால்தான். வேறொன்றுமில்லை.

ஸ்பகெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். என் முள்கரண்டியில் அது நிற்கவே இல்லை, வழுக்கி வழுக்கி மடியில் விழுந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், "இங்க கொடுங்க, பாபின்ல நூல் சுத்துற மாதிரிதானே" என்று வாங்கி, ஓர் இழைகூடத் தொங்காமல் சுற்றி நீட்டினார். கையில்தான் நீட்டினார், ஊட்டிவிடவில்லை. நீ கண்டதையும் கற்பனை செய்யாதே. ஆனால் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் அப்பா போனபிறகு நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

கடைசியில் காபி சொன்னோம். பரிமாறுகிற பெண் என்னிடம், "உங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரை எவ்வளவுங்க?" என்று கேட்டாள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. குனிந்து, மேசைத்துணியின் ஓரத் தையலை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

"அரை ஸ்பூன் போதும்மா" என்றேன்.

அவள் போனபிறகும் நான் எதையும் மறுத்துச் சொல்லவில்லை. அவரும்தான்.

நீ லீவுக்கு வரும்போது மூன்று பேருக்கு மேசை சொல்லி வைக்கட்டுமா? நிதானமாக யோசித்துப் பதில் போடு. ஆனால் சீக்கிரம் போடு.

உன் அம்மா